வாசலில் நின்று பார்த்த வீடு

முனிசிபாலிட்டியிலிருந்து கட்டடம் பார்க்க வந்த துரை எங்கள் புது வீட்டு வாசலில் நின்று தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். கெண்டைக்கால் வரை கயிறு போட்டு இறுக்கிய சப்பாத்து. அதைக் கழற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என் வீட்டுக்காரரோ இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ப்ளீஸ் சார், ஷூஸ் சார், காட் சார்” என்றார். கப்பல் கம்பெனியில் வருஷக்கணக்காக இங்கிலீஷ் கடிதம் எழுதிய பெரிய கிராணியாருக்கு, அதாவது தலைமைக் குமாஸ்தாவுக்கு, அன்று வாயில் வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

நான் உள்ளே சமையலறையில் ஒரு செம்புத் தண்ணீரோடு காத்துக்கொண்டிருந்தேன். துரை உள்ளே வந்ததும் அந்தத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக் காட்டுவதாகத் திட்டம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க இங்கிலீஷ் எதற்கு?

துரை வரவில்லை. வாசலிலிருந்தே கழுத்தை நீட்டி இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை பார்த்தார். கைத்தடியால் வெளிச்சுவரைத் தட்டினார். தெருச் சாக்கடையை எட்டிப் பார்த்தார். “வெரி நைஸ் ஹவுஸ்” என்று சொல்லிவிட்டு, மோட்டார் காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு வீடு பரீட்சையில் தேறிவிட்டது.

செம்புத் தண்ணீரை நானே குடித்தேன்.

இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “இத்தனை வயதில் புருஷனைக் கிண்டல் செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறார். வயதானதால்தான் செய்கிறேன், ஐயா. இளமையில் செய்திருந்தால் சண்டையில் பாதி நாள் போயிருக்கும். என் புருஷன் பெயரை அன்றும் நான் சொன்னதில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை. ஊரெல்லாம் கூப்பிட்ட மாதிரி கிராணியார் என்றே எழுதுகிறேன். அவருக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

காய்ந்த தரை

டத்தோ கிராமாட்டில் அந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்னால் சூலியா தெருவில், காதர் பாய் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் மூன்று குடும்பங்கள், ஒரே சமையலறை. பலகைத் தரை உளுத்துப் போனதென்று யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் சிமிந்தி பூசியிருந்தார். பூசியவருக்குச் சமையலறையில் தண்ணீர் புழங்கும் என்பது தெரியாது போலிருக்கிறது. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே கிடக்கும். விடியற்காலையில் கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும்.

அந்த ஈரத்தில் ஒரு நாள் சோறு வடிக்கும் பானையோடு வழுக்கி விழுந்தேன். கஞ்சி தொடையில் கொட்டியது. இடது மணிக்கட்டு உடைந்தது. நாட்டு வைத்தியர் கட்டிய கட்டில் எலும்பு கோணலாகக் கூடியது. இன்றைக்கும் அந்தக் கையால் முழு வாளி தூக்க முடியாது. இது நடந்தபோது கிராணியார் ஆபீசில் இருந்தார். மாலையில் வந்து கட்டைப் பார்த்துவிட்டு, “பாத்து நடக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

அதனால்தான் புது வீடு என்றதும் நான் ஒரே ஒரு காரியம் கேட்டேன். கூடத்துக்கு வண்ணக் கல்லோ, முகப்பில் சிங்க பொம்மையோ எனக்கு வேண்டாம். சமையலறைத் தரை பின்பக்கத்து மதகை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கழுவிவிட்டால் தண்ணீர் வெளியே போய்த் தரை காய வேண்டும். ஆயுசு பூராவும் நிற்கப் போகிற இடமல்லவா?

கிராணியார் சரி என்று தலையாட்டினார். பிறகு வண்ணக் கல் வாங்கப் போய்விட்டார்.

பக்தியுள்ள கண்டிராக்டர்

எங்கள் கண்டிராக்டர் முத்தையாவைப் போலத் தெய்வ பக்தி உள்ளவரை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. நெற்றி நிறைய விபூதி, காதில் பூ, கையில் பஞ்சாங்கம். மட்டப்பலகையை மட்டும் ஒரு நாளும் அவர் கையில் பார்க்கவில்லை. சுவர் எழும்பும்போது செங்கல்லைவிடத் தேங்காய்தான் அதிகமாக உடைந்தது.

வீட்டைக் கட்டிப் பார் என்று பழமொழி சொன்னவர்கள், கண்டிராக்டரைக் கட்டி மேய்த்துப் பார் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கிராணியார் தினமும் ஆபீஸ் விட்டதும் ரிக்‌ஷாவில் போய் வீட்டைப் பார்வையிடுவார். பார்வை என்றால், குடையை ஊன்றி நின்று, “ம்... ம்...” என்று சொல்வது. கண்டிராக்டர் உடனே, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வையும் சேர்த்து, “ஐயா கண்ணுக்குத் தப்புமா லா!” என்பார். அதைக் கேட்டபின் ஐயாவின் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பால் காய்ச்சும் முகூர்த்தத்தையும் கண்டிராக்டரே குறித்துக்கொண்டு வந்தார். அதைவிட்டால் அந்த வருஷத்தில் நல்ல நாளே இல்லை என்றார். அப்போது சமையலறைக்குத் தரையே போடவில்லை. முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டுமென்று அவசர அவசரமாகச் சிமிந்தியைக் கொட்டித் தேய்த்தார்கள்.

தரை காய்ந்த பிறகு ஒரு மத்தியானம் நான் போனேன். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைச் சமையலறை மூலையில் கவிழ்த்துப் பார்த்தேன். அது மதகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலைப்படியும் கிடையாது. அது புது மோஸ்தராம். வண்ணக் கல்லின்மேல் தண்ணீர் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது.

அன்று சாப்பாட்டின்போது கிராணியாரிடம் சொன்னேன்.

“சமையக்கட்டுத் தரை உள்பக்கமா சாஞ்சிருக்கு. ஒடைச்சுப் போடச் சொல்லுங்க.”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். “முகூர்த்தம் குறிச்ச வீட்டப் பாத்து ஒடைக்கணும் கிடைக்கணும்னு பேசுறியே, அறிவிருக்கா? பால் காச்சுறதுக்கு முன்னால வீட்டுல குத்தம் சொன்னா வீட்டுக்கு ஆகாதாம். முத்தையா படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காரு.”

“பால் காச்சின பொறவு சொல்லலாமா?”

“பால் காச்சின வீட்ட யாராச்சும் குத்தம் சொல்லுவாங்களா? லட்சுமி குடி வந்த எடம்!”

கணக்கு எனக்குப் புரிந்தது. முன்னாலும் சொல்லக் கூடாது, பின்னாலும் சொல்லக் கூடாது. கண்டிராக்டர்கள் கும்பிடுவதற்கென்றே யாரோ இந்தச் சாத்திரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை துரைதான். அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டில் குடியேற முடியாது, கண்டிராக்டருக்குக் கடைசித் தவணையும் கிடையாது. அதுவும் முத்தையாவுக்குத் தெரியும். துரை வருவதற்கு முந்தின மாலை, யாரும் கேட்காமலே, அவரே புரோகிதரைக் கூட்டி வந்து வீடு முழுவதும் தீர்த்தம் தெளித்துச் சுத்தி செய்துவிட்டார். தட்சிணையும் அவர் செலவு. கண்டிராக்டர் தன் மடியிலிருந்து காசை எடுக்கிறார் என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று ஒரு பெரிய கிராணிக்குத் தெரிய வேண்டாமா?

“சுத்தி செஞ்ச வீடு, ஐயா. சப்பாத்துக் கால் படாமப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கிராணியார் காவல் தெய்வம் மாதிரி வாசலில் நின்றார். மீதியை மேலே எழுதிவிட்டேன்.

மகாலட்சுமி நடந்த வழி

பால் காய்ச்சும் நாள் வந்தது. சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், சூலியா தெருவிலிருந்து காதர் பாய் என்று கூடம் நிறைந்துவிட்டது. சமையலறையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, புதுப் பானையில் பால் ஊற்றினேன். என் பெரிய நாத்தனார் செல்லம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, பால் எந்தத் திசையில் பொங்கப் போகிறது என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாலைப் பார்த்த அக்கறையில் கால் பங்கு தரையைப் பார்த்திருந்தால் போதும்.

பால் பொங்கியது. செங்கல்லில் வழிந்து, தரையில் இறங்கி, ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டுக்கொண்டு கூடத்தை நோக்கிப் போனது.

“பாத்தியா பார்வதி!” நாத்தனார் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “மகாலட்சுமி நேரா நடு வீட்டுக்கு நடந்து போறா!”

கூடத்தில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிராணியாரின் கண் கலங்கியது. கண்டிராக்டர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அதுக்குத்தான் ஐயா அந்த மாதிரி வாட்டம் வச்சிப் போட்டேன். எல்லாருக்கும் இப்படி அமையாது லா.”

வாசகர்களே, அந்த நிமிஷம் நான் பட்டதை எப்படி எழுதுவேன்? செய்த கோணலுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனி என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். விருந்து முடிந்ததும் கண்டிராக்டர் சாவிக் கொத்தைக் கொடுப்பார். கிராணியார் தாம்பூலத் தட்டில் வேட்டி, வெற்றிலை பாக்கு, கடைசித் தவணை எல்லாம் வைத்துக் கொடுப்பார். மறுநாள் கண்டிராக்டர் ஈப்போவுக்கு ரயில் ஏறுவார். அங்கே அவருக்கு அடுத்த வீடு காத்திருந்தது. இங்கே எனக்கு இந்தத் தரை. ஒரு பந்தி முடிவதற்குள் ஏதாவது நடந்தால் உண்டு. இல்லாவிட்டால் இன்னொரு கையையும் உடைத்துக்கொள்ள நான் தயாராக வேண்டியதுதான்.

பாதியில் எழக் கூடாத பந்தி

முதல் பந்தி கூடத்தில். சுவரோரமாகப் பாய் விரித்து, முன்னால் வண்ணக் கல்லின்மேல் வாழை இலை போட்டிருந்தார்கள். நடுவில் கண்டிராக்டர், அவர் வலது பக்கம் புரோகிதர், இடது பக்கம் கிராணியார், எதிரே காதர் பாய். கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டிச் சமையல் நடந்ததால் சமையலறை காலியாக இருந்தது. பொங்கின பால் மட்டும் தரையில் காய்ந்து கிடந்தது.

நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “பொங்கின பால யாரும் மிதிச்சிரக் கூடாது. கழுவி விடு.”

இதை அவர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. பிற்பாடு ஊரில் பலவிதமாகப் பேசினார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

கொல்லைக் குழாயில் வாளியைப் பிடித்து வந்தேன். இடது கைக்கு முடியாததால் அரை வாளி அரை வாளியாகத்தான் கொண்டு வந்தேன். அதனால் நிறையத் தடவை நடக்க வேண்டியிருந்தது. ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். புது வீடு, நன்றாகக் கழுவ வேண்டாமா? மறுபடி ஊற்றினேன். மறுபடி தேய்த்தேன்.

கூடத்தில் அப்போதுதான் பாயசம் வந்திருந்தது.

முதலில் புரோகிதர், “என்ன, காலு சில்லுனு இருக்கு?” என்றார். அப்புறம் ஒவ்வொருவராகக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்தில் சாப்பிடுகிறவருக்கு ஆகாது, விருந்து கொடுத்த வீட்டுக்கும் ஆகாது. அதுவும் பால் காய்ச்சிய நாளில். எனவே அத்தனை பேரும் சம்மணம் போட்டபடியே நனைந்தார்கள். பாய் ஊறியது. இலைகள் லேசாகக் கிளம்பின. கண்டிராக்டரின் இலை பாயசத்தோடு மெதுவாகப் புரோகிதர் பக்கம் நகர்ந்தது. ஒருவர் இலையை இன்னொருவர் தொட்டால் தோஷமென்று புரோகிதர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார்.

குற்றம் சொல்லக் கூடாது என்ற சாத்திரத்தைப் பந்தியில் எல்லாரும் மதித்தார்கள். காதர் பாய்க்கு மட்டும் அந்தச் சாத்திரம் கிடையாது. அவர் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“கிராணியாரே, ஒம்ம வீட்டுச் சமையக்கட்டு உள்பக்கமா சாஞ்சிருக்கு லா! பாசார்ல மீன் விக்கிற தரைகூட வெளிய பாத்துச் சாஞ்சிருக்கும்!”

கண்டிராக்டர் வாயிலிருந்த பாயசத்தை அவசரமாக விழுங்கினார். “அதெல்லாம் இல்ல பாய். அம்மா தண்ணிய ரொம்ப ஊத்திட்டாங்க.”

“சமையக்கட்டுல தண்ணி ஊத்தாம, பின்ன சாமி ரூம்லயா ஊத்துவாங்க?”

ஆபீஸ்காரர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு பந்தி முழுவதும் ஓடியது. நான் துடைப்பத்தோடு வாசற்படி இல்லாத அந்த மோஸ்தர் வாசலில் வந்து நின்றேன்.

“மன்னிச்சிக்குங்க. மகாலட்சுமி போன வழியிலதான் தண்ணியும் போகுது” என்றேன்.

கிராணியார் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பிறகு தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு வண்ணக் கல்லைப் பார்த்தார். கடைசியாக, அந்த வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, சமையலறைத் தரையைப் பார்த்தார்.

தட்டில் இருந்த வேட்டி

பந்தி முடிந்ததும் நாத்தனார் தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்தார். கண்டிராக்டர் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நனைந்த வேட்டியோடு நின்றார். கிராணியார் தட்டை வாங்கினார். கூடத்தில் அத்தனை பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகெலும்பு இல்லாதவருக்கும் நாலு பேர் பார்த்தால் கொஞ்சம் முளைக்கும் போலிருக்கிறது. கடைசித் தவணை இருந்த உறையைத் தட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“தரையச் சரி பண்ணிட்டு இத வாங்கிக்குங்க, முத்தையா.”

“பால் காச்சின வீட்ட ஒடைக்கிறதா ஐயா? சாத்திரம்...”

“சாத்திரத்த நான் பாத்துக்கிறேன். நீரு தரையப் பாரும்.”

தட்டில் வேட்டியும் வெற்றிலையும் மட்டும் இருந்தன. வேட்டி அவருக்கு உடனே தேவைப்பட்டது.

அன்று சூலியா தெரு மாடிக்குத் திரும்பியதும் கிராணியார் என்னோடு பெரிய சண்டை போட்டார். “சபையில என் மானத்த வாங்கிட்டியே” என்றார். “பால்தான் கழுவினேன். உங்க அக்காகிட்ட கேளுங்க” என்றேன். அக்காவைக் கேட்க அவருக்குத் தைரியம் ஏது?

ஈப்போ வேலை தள்ளிப் போனது. சமையலறைத் தரையை உடைத்தார்கள். நாத்தனார் ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் ‘முருகா முருகா’ என்றார். முத்தையா இந்தத் தடவை பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு மட்டப்பலகையைக் கொண்டு வந்திருந்தார். அப்படி ஒரு பொருள் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தரை இறுகியதும் நானே வாளித் தண்ணீரை ஊற்றினேன். அது யோசிக்காமல் மதகுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் உறை கை மாறியது, சாவி எங்கள் கைக்கு வந்தது.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டபின் கழுவிவிட்டு, தரை காயும் வரை காத்திருந்து, அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். புடவை நனையவில்லை. சந்தோஷமாக இருந்தது. வண்ணக் கல்லைப் பார்த்து கிராணியாருக்கு வந்த சந்தோஷத்தைவிட என்னுடையது பெரிது.

வீடு பார்க்கும் ஐயா

கதை இதோடு முடிந்திருந்தால் கிராணியாரை இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் ஆபீசில் சொல்ல ஆரம்பித்தார். “முத்தையா என்னை ஏமாத்தப் பாத்தான். நான் விடுவேனா? தண்ணிய ஊத்துன்னு வீட்டுல சொன்னேன்.” கொஞ்ச நாள் கழித்து ‘வீட்டுல’ என்பதும் உதிர்ந்துபோய், அவரே வாளி தூக்கியதாக ஆனது. முழு வாளி. என் எதிரிலேயே சொல்வார். நானும் விருந்தாளிகளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்பேன்.

அதைக் கேட்டு, வீடு கட்டுகிற தமிழர்களெல்லாம் ஒப்படைப்புக்கு முன்னால் தங்கள் வீட்டை வந்து பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். பிற்பாடு அவருக்கு ஆபீசில் பதவி உயர்ந்தது. கோட்டு, தொப்பி, சப்பாத்து எல்லாம் வந்தன. குடையை ஊன்றி நின்று, “ம்... ம்...” என்று சொல்லி, தாம்பூலம் வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு நாள் எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டிய ஒரு பெண் பின்வாசல் வழியாக என்னைத் தேடி வந்தாள்.

“ஐயா வந்து பாத்துட்டு, வீடு ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு அக்கா. நாளைக்குப் பால் காச்சுறோம். நீங்க அவசியம் வரணும்.”

“சமையக்கட்டுக்குள்ள வந்து பாத்தாரா?”

அவள் தயங்கினாள். “இல்லக்கா. நேத்துத்தான் சுத்தி செஞ்சோம். ஐயா கயிறு போட்ட சப்பாத்துல்ல போட்டிருந்தாரு? வாசல்ல நின்னே பாத்துட்டாரு.”

பால் காய்ச்சுவதற்கு முன்னால் குற்றம் சொல்லக் கூடாதல்லவா? உள்ளே போய் என் வாளியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.